கர்னலுக்கு ஆறு கால்

பேய்க் கதை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. விசாரித்துப் பாருங்கள், பேயைக் கண்டது அவராக இருக்கமாட்டார். அவருடைய மச்சானின் கூட்டாளி கண்டிருப்பான். அந்தக் கூட்டாளியும் போன வருடம் செத்துப்போயிருப்பான். இடம் சுடுகாடு, நேரம் நடுச்சாமம், ஆள் கள்ளுக்கடையிலிருந்து திரும்பியவன்.

எனக்கு மச்சான் கிடையாது. நான் குடிப்பதில்லை. கண்டது நான்தான். 1911ஆம் ஆண்டு, மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. இடம் பூனாகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயரைச் சொன்னால் வழக்குப் போடுவார்கள், ஆகவே சொல்லவில்லை. எல்லாம் பகலில் நடந்தது. நம்புங்கள் என்று கெஞ்சமாட்டேன். நம்பாமல் இருப்பதற்கு நானே பல வருடம் முயன்று பார்த்துவிட்டேன்.

பதுளைக் கடைவீதியில் படங்களுக்குச் சட்டம் போடுவது என் தொழில். கடைப் பலகையும் எழுதுவேன். ஓய்ந்த நேரத்தில் ஊர்ப் பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்து நாலு பக்கத்தில் அச்சடித்து விற்பேன். பெரிய மனிதர்கள் அதைத் திட்டிக்கொண்டே வாங்குவார்கள், தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்க.

அந்த வருடம் மூன்று பெரிய மனிதர்கள் சேர்ந்து 'ஊவா அசுவப்பிரியர் சித்திர சபை' என்று ஒன்று தொடங்கினார்கள். வெள்ளைக்காரத் துரைமார் ஞாயிற்றுக்கிழமைகளில் குடையும் கூடையுமாக வெளியே போய், குதிரையை நிறுத்திவைத்துப் படம் எழுதுவதை இவர்கள் பார்த்துவிட்டார்கள். துரை செய்வதை மறுவாரமே செய்யாவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது.

சபைத் தலைவர் பெரிய கங்காணி முத்துக்கருப்பன். திருச்சிப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் கட்டிக் கொண்டுவந்து பெருத்தவர். வேட்டிக்கு மேலே கோட்டு, கோட்டுக்கு மேலே சங்கிலி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு செவலைக் குதிரை. அதற்குக் 'கர்னல்' என்று பெயர் வைத்திருந்தார். பட்டாளத்தைப் படத்தில்கூடப் பார்க்காத குதிரை அது.

இரண்டாமவர் தங்கராஜா, பதுளைக் கோர்ட்டில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசி. மனைவியிடம் தண்ணீர் கேட்டாலும் மூன்று காரணம் காட்டித்தான் கேட்பார். மூன்றாமவர் புடைவைக்கடை இத்ரூஸ் முதலாளி. குதிரையைப் பார்த்த மாத்திரத்தில் அதன் பாட்டனார் எந்தத் தேசம் என்று சொல்லிவிடுவதாகச் சொல்லிக்கொள்வார். பாட்டனார் வந்து மறுக்கப்போவதில்லை அல்லவா?

நாலாவது ஆள் நான். என்னைச் சேர்த்தது என் கைத்திறமைக்காக அல்ல. எழுதி முடித்த படங்களுக்குச் சும்மா சட்டம் போட ஒருவன் வேண்டும்.

அன்றைக்குப் போட்டி வைத்திருந்தார்கள். மிகச் சிறந்த படம் எழுதுகிறவருக்குப் பரிசு கர்னலேதான். உயிரோடு, சேணத்தோடு. ஒரு தேங்காயை இலவசமாகக் கொடுத்தறியாத கங்காணி குதிரையைக் கொடுக்கிறார் என்றதும் எனக்கு மூக்கில் வியர்த்தது. ஆனாலும் போனேன். குதிரைமேல் பதுளைக் கடைவீதியில் ஒரு தடவை போய்வர வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இத்ரூஸ் முதலாளியின் மாட்டு வண்டியில் நாங்கள் போய் இறங்கியபோது, புல்வெளி ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். கர்னலின் குதிரைக்காரன் சடையனுடைய பெண்சாதி லெட்சுமி. குதிரைக்குப் புல் வெட்டிப் போடுகிறவள். தை மாதத்து அடைமழையில் சடையன் காணாமல் போயிருந்தான். ஓடிப்போய்விட்டான் என்று கங்காணி முடிவு கட்டிவிட்டார். ஓடிப்போனவன் பெண்சாதிக்குக் கூலியாட்களின் லயத்தில் குடியிருக்கக் காம்பரா கிடையாது. மறுநாள் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்குள் மூட்டையோடு தோட்டத்தை விட்டு இறங்க வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு. கையில் பிள்ளை இல்லை. போக இடமும் இல்லை.

"குதிரைய விட்டுட்டு அவரு எங்கயும் போகமாட்டாருங்க" என்றாள். "ஒரு தடவ தேடிப் பாக்கச் சொல்லுங்க."

"தேடியாச்சு புள்ள. கப்பலேறிட்டான். எவளையாச்சும் கூட்டிக்கிட்டு ஏறியிருப்பான்."

கங்காணி சொன்னதற்கு மற்ற இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தாள்.

"அப்ப அவரு கம்பளி எதுக்குங்க வீட்டுல கெடக்கு? அந்த மழையில கம்பளி இல்லாம யாருங்க ஊருக்குப் போவா?"

இதற்குப் பிரக்கிராசியார் பதில் சொன்னார். கம்பளி ஒரு பொருள்தானே தவிரச் சாட்சியல்ல என்று தொடங்கிச் சட்டத்தின் இரண்டு பிரிவுகளை எடுத்துவிட்டார். லெட்சுமி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மேட்டில் ஏறிப் போய்விட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. நான் போனது அந்த மூன்று பேரைப் பற்றி எழுத. அவளைப் பற்றி எழுத அல்ல.

கர்னலைப் புல்வெளி நடுவில் ஒரு முளையில் கட்டியிருந்தார்கள். தலைக்கயிறு பழையது, குட்டையாக இருந்தது. அதன் நுனியில் வேறொரு புதுக்கயிற்றை முடிந்திருந்தார்கள். முடிச்சுக்கு வெளியே பழைய கயிற்றின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. தேய்ந்து அறுந்த நுனி போல் இல்லை. கரும்பைக் கத்தியால் வெட்டியதுபோல் சமமாக இருந்தது. பார்த்தேன். அவ்வளவுதான்.

குதிரையைச் சுற்றி நாலு பக்கமும் நாலு ஸ்டூல். யாருக்கு எந்தப் பக்கம் என்று தேயிலைக் குச்சி இழுத்துப் பார்த்தோம். முகத்துக்கு நேரே கங்காணி. அவர் தோட்டத்துக் குச்சி அவரைக் கைவிடுமா? இடப்பக்கம் பிரக்கிராசி. வலப்பக்கம் இத்ரூஸ் முதலாளி. குட்டைக் குச்சி எனக்கு.

வால் பக்கம்.

மூவருக்கும் பரம திருப்தி. எனக்கும்தான். அந்தச் சபைக்குப் பொருத்தமான பக்கம் என் கையில் கிடைத்திருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரே ஒரு குறை. வண்டியைப் பின்னாலிருந்து பார்க்கிறவனுக்கு வண்டிக்காரன் முகம் தெரியாது. போட்டி முடியும்வரை கர்னலின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

விதிகள் வாசிக்கப்பட்டன. குதிரையைத் திருப்பக் கூடாது. முடியும்வரை ஸ்டூலை விட்டு எழும்பக் கூடாது. முக்கியமாக, இன்னொருவர் படத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. கலையைத் திருடிவிடுவார்களாம்.

பத்து மணி போலத் தொடங்கினோம். எல்லோரிடமும் எண்ணெய்ச் சாயம், பலகையில் ஒட்டிய சீலை.

கர்னல் அசையாமல் நின்றது. ஈ மொய்த்தாலும் வாலைக்கூட ஆட்டவில்லை. காதுகள் மட்டும் முன்னே விறைத்திருந்தன.

தன்னைப் பார்த்து மரியாதைக்கு நிற்கிறது என்றார் கங்காணி. குதிரை தன்னைத்தான் பார்க்கிறது என்று இடப்பக்கமிருந்து பிரக்கிராசி மறுத்தார். அதன் கண்ணில் பொன்னிறம் மின்னுகிறதாம். அது பொன் அல்ல, நீலம் என்று வலப்பக்கமிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

"நீலக் கண்ணு ஈக்கிற குதிர அசல் இங்கிலாந்து வம்சம். நம்ம ஆக்களுக்கு இதெல்லாம் வெளங்காது."

தன்னிடமிருந்த விலையுயர்ந்த நீலத்தைப் பிதுக்கி அந்தக் கண்ணில் அப்பினார். பிரக்கிராசி பொன்னை அப்பினார். கங்காணி யாருக்கும் பணியாமல் கறுப்பை அப்பினார். ஒரு குதிரைக்கு மூன்று கண் நிறம். குதிரை நிபுணர்கள்!

நான் வாலையும் பின்னங்கால்களையும் எழுதினேன். கடைப் பலகை எழுதுகிறவன் கை கண்டதைத்தான் எழுதும். பின்னங்கால்களுக்கு ஊடே முன்னங்கால்கள் தெரிந்தன. அவற்றுக்கும் ஊடே, குதிரையின் தலைக்குக் கீழே, ஒரு மனிதனின் இரண்டு கால்கள் தெரிந்தன.

முழங்காலுக்குக் கீழே மட்டும். வெறுங்கால். பாதங்கள் என் பக்கம் பார்த்திருந்தன. இடது கணுக்காலில் ஒரு செம்புக் காப்பு. வலது பெருவிரல் உள்பக்கம் மடங்கி இருந்தது. காலெல்லாம் செம்மண் ஈரம்.

குதிரையைப் பிடிக்கப் புதிதாக ஆள் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவன் தலைமாட்டில் நின்றால் எதிரே இருக்கிற கங்காணிக்குக் குதிரை முகம் மறையுமே என்றும் நினைத்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. வேலைக்காரன் என்றால் இவர்களுக்குக் கண்ணாடி மாதிரி. ஊடுருவிப் பார்த்துப் பழகியவர்கள். மூன்று பேர் படத்திலும் அவன் இருக்கப்போவதில்லை.

இவர்களைக் குத்துவதற்காகவே அந்த இரண்டு கால்களையும் எழுதினேன். காப்பையும் விடவில்லை. மடங்கிய விரலையும் விடவில்லை.

ஸ்டூலில் இருந்தபடியே பகல் சாப்பாட்டை முடித்த பிறகு பனிமூட்டம் இறங்கத் தொடங்கியது. முதலில் மேட்டு லயம் மறைந்தது. பிறகு சவுக்கு மரங்கள்.

ஒரு தடவை தலை நிமிர்ந்தேன். குதிரைக்கு முன்னால் அந்தக் கால்கள் இல்லை.

அதே சமயம் வலப்பக்கத்தில் முதலாளி எரிந்து விழுந்தார். பிரக்கிராசியார் தன் பின்னால் வந்து எட்டிப் பார்க்கிறாராம். தான் இடத்தை விட்டு அசையவே இல்லை என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பிரக்கிராசி கத்தினார். அவர் குரல் அவருடைய ஸ்டூலிலிருந்துதான் வந்தது.

கொஞ்ச நேரம் கழிந்தது.

இப்போது பிரக்கிராசி. யாரோ தன் தோளுக்குப் பின்னால் மூச்சு விடுவதாகச் சொன்னார். திரும்பிப் பார்ப்பதுதானே? பார்க்கமாட்டார். திரும்பினால் பொறாமைக்காரனை மதித்ததாக ஆகிவிடும். படத்தைக் குடையால் மூடிக்கொண்டு, "பார்க்கட்டும், பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

கங்காணியின் தூரிகை மட்டும் நின்றுபோயிருந்தது.

பிறகு என் முறை.

ஈரப் புல்லில் வெறுங்கால் வைக்கிற சத்தம். சளக்... சளக்... என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. கொள்ளு வாசனை. குதிரை வியர்வை வாசனை. அவற்றுக்கு அடியில், தோண்டிய மண்ணின் வாசனை.

முதலாளிதான் வந்து பார்க்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்க எனக்கும் மனமில்லை. இவர்களுக்குக் குறைந்தவனா நான்? படத்தைத் தூக்கி, தோளுக்கு மேலே காட்டினேன்.

"நல்லாப் பாருங்க. கால் எப்படி?"

அந்த மூச்சு நெடுநேரம் என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது. பிறகு... சளக்... சளக்... விலகிப் போனது.

குதிரையின் காதுகள் அந்தச் சத்தம் போன பக்கமெல்லாம் திரும்பின.

நாலு மணிக்கு எழுதி முடித்து, படங்களைத் துணியால் மூடிவைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் பந்தலாகக் கட்டிய படங்குக்கு அடியில் கூடினோம். நாலு பேரும் ஒன்றாகத்தான் இருந்தோம். ஒருவர் கண்ணுக்கு ஒருவர் மறையவில்லை. இதைக் கோர்ட்டில் கேட்டாலும் சொல்வேன்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்து துணியை எடுத்தோம்.

முதலாளியின் படத்தில் கண்ணைக் காணோம். யாரோ ஈரமான பெருவிரலால் அந்த நீலத்தை வழித்து எடுத்திருந்தார்கள். இருந்த இடத்தில் செம்மண் அப்பியிருந்தது. பிரக்கிராசியின் படத்திலும் அப்படியே. பொன் போய்விட்டது. மண் இருந்தது.

கங்காணியின் படம் மட்டும் வேறு மாதிரி. அதில் பெருவிரல் அல்ல. கண்ணிலிருந்து பலகையின் அடிவிளிம்புவரை ஒரு முழுக் கை இழுபட்டிருந்தது. ஐந்து விரல் தடமும் தெரிந்தது. எதையோ பிடிக்கப் பார்த்து, பிடி கிடைக்காமல் வழுக்கிக் கீழே போன கைபோல.

முதலாளியும் பிரக்கிராசியும் ஒருவரை ஒருவர் கழுத்தைப் பிடிக்காத குறை. நாலு பேரும் ஒன்றாகத்தானே இருந்தோம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சண்டைக்குக் காரணம் கிடைத்த பெரிய மனிதன் காரணத்தைச் சுலபத்தில் விடமாட்டான். கடைசியில் இரண்டு பேரும் என் படத்தின்மேல் பாய்ந்தார்கள். அது ஒன்றுதான் கெடாமல் இருந்தது. அதில் கண் கிடையாதே.

"குதிரைய எழுதச் சொன்னா ஆறு கால் போட்டிருக்கீங்களே சிவஞானம்" என்றார் பிரக்கிராசி. "நாலு காலுக்கு நிழல் விழுந்திருக்கு. இந்த ரெண்டு காலுக்கு நிழல் எங்க? தரையிலயே படல்ல. அடிப்படைப் பாடம் இது."

குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்தப் பாதங்களுக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு விரற்கடை வெறுமையாக விட்டிருந்தேன். கண்டபடி எழுதியவன் நான். ஆனாலும் அவரிடம் ஒப்புக்கொள்வதா? குதிரைக்காரனை நீங்கள் கண்ணெடுத்துப் பார்த்தால்தானே நிழல் தெரியும் என்று சொல்லிவைத்தேன்.

கங்காணி சிரிக்கவில்லை. என் படத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்தக் காப்பைப் பார்த்தார். அந்த விரலைப் பார்த்தார்.

எழுந்தார். தன் படத்தைத் தேத்தண்ணீர் அடுப்பில் போட்டார். பிறகு ஒரே மூச்சில் தீர்ப்புச் சொன்னார். வென்றது நானாம். குதிரை எனக்கு. இப்போதே கொண்டுபோக வேண்டும். படத்தையும் கூடவே கொண்டுபோய்விட வேண்டும்.

"குறுக்குப் பாதையில போங்க. இருட்டுறதுக்குள்ள பண்டாரவளைக்கு எறங்கிரலாம். கர்னலுக்குப் பழகின வழி. அதுவே போயிரும்."

மற்றவர்கள் வண்டிப் பாதையில் போனார்கள். நான் குதிரைமேல் ஏறினேன். ஏற்றினார்கள் என்பதுதான் உண்மை. மூட்டையைத் தூக்கி வைத்ததுபோல் வைத்தார்கள். படத்தை எண்ணெய்ச் சீலையில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டேன். குதிரைப் பிரியர்களுக்கு நடுவில் பின்பக்கத்தை எழுதிக் குதிரையை வென்றவன் நான் ஒருவன்தான் என்று மார்பு விரிந்தது. அடுத்த இதழுக்குத் தலைப்புக்கூட யோசித்துவிட்டேன்.

பாதை ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பள்ளம் பனியால் நிறைந்திருந்தது. குதிரையின் காதைத் தாண்டி எதுவும் தெரியவில்லை.

கர்னல் தயங்காமல் நடந்தது.

கொஞ்ச தூரம் போனபின்தான் கவனித்தேன். எங்களுக்கு முன்னால் யாரோ நடக்கிறார்கள்.

சளக்... சளக்...

கங்காணி துணைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். யார் அது என்று கேட்டேன். பதில் இல்லை. எசமானுக்கு ஏற்ற ஆள், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று உரக்கவே சொன்னேன்.

தலைக்கயிறு சேணத்தில் சுற்றிக் கிடந்தது. அதை நான்தான் சுற்றினேன்.

இப்போது பார்த்தேன். கயிறு சேணத்தில் இல்லை. குதிரைக்கு முன்னால் நீண்டு, விறைப்பாக, பனிக்குள் போயிருந்தது.

யாரோ பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

"யாருப்பா முன்னால?"

சளக்... சளக்...

ஒரு முடுக்கு வந்தது. பாதை வலப்பக்கம் வளைந்தது.

கயிறு தளர்ந்து விழுந்தது. கர்னல் நின்றது.

அதட்டினேன். குதிகாலால் உதைத்தேன். அடித்தும் பார்த்தேன். நாலு காலும் தரையில் முளைத்ததுபோல் நின்றது. உடம்பு மட்டும் நடுங்கியது.

மலைப்பக்கமாக வழுக்கி இறங்கினேன். முன்னால் நிற்கிறவனை நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்றுதான் இறங்கினேன்.

யாருமில்லை.

பனி இருட்டில் நெருப்புக்குச்சி ஒன்றைக் கிழித்து, முதன்முதலாகக் கர்னலின் முகத்தைப் பார்த்தேன்.

கண் முழுவதும் நீலப் புகை. மேலே ஏடு படர்ந்ததுபோல. குச்சியை அதன் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன். இமைக்கவில்லை. இன்னும் கிட்டே.

இமைக்கவில்லை.

குதிரைக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

ஒரு பகல் முழுவதும் அந்தக் கண்ணைப் பார்த்திருந்த மூன்று நிபுணர்களும்... நீலமும் பொன்னும் அப்பினார்கள்.

இன்னொரு குச்சியைக் கிழித்துப் பாதையைப் பார்த்தேன். கர்னலின் முன்னங்குளம்பு இருந்த இடத்திலிருந்து ஒரு முழம். அதற்கப்பால் பாதை இல்லை. மண் சரிந்து போயிருந்தது. கீழே வெறும் பனி.

குச்சி விரலைச் சுட்டது. அணைந்தது.

அப்போதுதான் கேட்டது.

சளக்...

எனக்கு முன்னால்.

சளக்...

பாதை இல்லாத இடத்தில்.

தூரத்தில்... இன்னும் தூரத்தில்... நேரே நடந்து போனது.

குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஊரையெல்லாம் கிண்டல் செய்த வாயில் 'முருகா'வைத் தவிர வேறு சொல் வரவில்லை. பிறகு மெல்லத் திரும்பி வந்த வழியே நடந்தேன். கர்னல் என் காலடியைக் கேட்டுப் பின்னால் வந்தது. என் காலடியைத்தான் என்று நம்ப விரும்புகிறேன்.

பொழுது சாயும்போது லயத்தை அடைந்தேன். குளம்புச் சத்தம் கேட்டு லெட்சுமி வெளியே ஓடிவந்தாள். கட்டிய மூட்டை வாசலில் இருந்தது. படத்தை அவிழ்த்து விளக்கடியில் வைத்தேன்.

அவள் குதிரையைப் பார்க்கவில்லை. விரலை நேரே அந்தச் செம்புக் காப்பில் வைத்தாள்.

"இது நான் போட்டதுங்க. மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு." பிறகு கேட்டாள். "எப்பங்க எழுதுனீங்க?"

"இன்னைக்கு."

அவள் விரல் காப்பிலிருந்து மடங்கிய பெருவிரலுக்குப் போனது.

"எங்கங்க நின்னாரு?"

மறுநாள் காலைப் பெரட்டுக்கு ஓர் ஆள்கூடப் போகவில்லை. லயத்து ஆண்கள் எல்லோரும் அந்த முடுக்கிலிருந்து பள்ளத்துக்குள் கயிறு கட்டி இறங்கினார்கள். சரிந்த செம்மண்ணில் மார்புவரை புதைந்து சடையன் கிடந்தான். இடது கையில் தலைக்கயிற்றின் மறுபாதி மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. அதன் நுனியும் கரும்பு வெட்டியதுபோல் சமமாக இருந்தது.

மிச்சத்தை லெட்சுமி சொன்னாள். தீபாவளியோடு குதிரைக்குப் பார்வை போய்விட்டது. கங்காணிக்கும் தெரியும். சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று, சடையனை முன்னால் நடக்கவிட்டு அவர் மேலே உட்கார்ந்து போவார். அவன் காலடியைக் கேட்டு அது நடக்கும். கால்வரை தொங்குகிற கம்பளியைப் போட்டால் காலடிச் சத்தம் அதற்குச் சரியாகக் கேட்காது என்று, மழையிலும் கம்பளி இல்லாமல் நடப்பான். அந்த மழை நாளில் பாதை சரிந்தபோது அவன் கயிற்றில் தொங்கியிருக்கிறான். குதிரை ஊன்றி நின்றிருக்கிறது. மேலே இருந்தவரிடம் கத்தி இருந்திருக்கிறது.

அந்த மழை நாளைப் பற்றிச் சொன்னது என் ஊகம்தான். மரண விசாரணையில் கங்காணிக்காகத் தங்கராஜா பிரக்கிராசி பேசினார். கயிறு பாறையில் உராய்ந்து அறுந்தது என்று நிறுவினார். என் படத்தைச் சாட்சியாகக் காட்டினேன். நிழல் விழாத காலைச் சாட்சியாக ஏற்க முடியாது என்று புல்வெளியில் சொன்னதையே கோர்ட்டிலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். விபத்து என்று தீர்ப்பு. அடுத்த மாதம் கங்காணிக்கு ஏதோ கோயில் திருப்பணிக்காக மாலை போட்டார்கள். இத்ரூஸ் முதலாளி பொன்னாடை கொடுத்தார்.

ஆனால் அதன் பிறகு லெட்சுமியை ஓடிப்போனவன் பெண்சாதி என்று எவனும் சொல்லவில்லை. தலை நிமிர்ந்து தோட்டத்தை விட்டு இறங்கினாள். கர்னலோடு பதுளைக்கு வந்தாள். என் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் அது சாகும்வரை புல் போட்டாள்.

இத்தோடு முடிந்திருந்தால், பனியில் பயந்தவன் கதை என்று நானே தள்ளியிருப்பேன். சாயத்தை வழித்தது அந்த இருவரில் ஒருவராகவும் இருக்கலாம், பத்து நிமிடத்தில் என் கண் எங்கேயாவது திரும்பியிருக்கலாம் என்று என்னைச் சமாதானப்படுத்தியும் வைத்திருந்தேன்.

ஆடி மாதம் ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஜெயராசா கடைக்கு வந்தார். சடையனின் உடலைக் கழுவிப் பார்த்து அறிக்கை எழுதியவர். தன் பரீட்சைச் சான்றிதழுக்குச் சட்டம் போட வந்திருந்தார். நான் அளவெடுக்கும்வரை சாயக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலக் குழாய் கைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அந்தக் குதிரக்காரன் எங்கயாச்சும் சாயப் பட்டறையில வேல செஞ்சவனாங்க?"

"இல்ல. ஏன் கேக்குறீங்க?"

"வலது கைய மண்ணு போகக் கழுவினேன். பெருவிரல் நகத்துக்குள்ள இந்த நீலம். கூடவே பொன்னு நெறம். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு."

நான் அளவுகோலைக் கீழே வைத்தேன்.

"அறிக்கையில எழுதலயே நீங்க?"

அவர் கடைக்கு வெளியே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"எப்படிங்க எழுதுறது? தை மாசம் செத்தவன்... சாயம் இன்னும் காயாம ஈரமா இருந்துச்சே."